இழை: 21 நாள் உபவாச ஜெபமும் மனநோய் மாத்திரையும் – ஜெபக்குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு

முத்துநகர்_மூப்பர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜனவரியில் எங்கள் சபையில் 21 நாள் உபவாச ஜெபம். வெள்ளிதோறும் முழு இரவு ஜெபமும் உண்டு, இரவு 10 முதல் காலை 4 வரை. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சபையில் பலர்: லித்தியம், தூக்க மாத்திரை, மாதம் ஒருதரம் ஊசி என்று பலவிதம். ஜெபக்குழுவுக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கேள்வி. அவர்கள் உபவாசம் இருக்கலாமா? மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்பவருக்கு வேதத்திலிருந்து என்ன பதில்? "ஜெபிச்சும் மனசு இருட்டாவே இருக்கு" என்பவரிடம் என்ன சொல்வது? பிரசங்கம் வேண்டாம், செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி

ஐயா, முதல் கேள்விக்கு லித்தியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் ஆபத்து.

சிறுநீரகத்துக்கு உப்பும் லித்தியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தண்ணீரும் உப்பும் குறைந்தால் அது உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதே மாத்திரை, அதே எண்ணிக்கை, ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நச்சு. அதனால் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் லித்தியம் எடுப்பவருக்குக் கூடவே கூடாது. வெறும் பழச்சாறு உபவாசமும் வேண்டாம், அதில் உப்பு இல்லை.

அளவு ஏறியதன் அடையாளம்: கை நடுக்கம் பெரிதாகும் (டம்ளர் தண்ணீர் தளும்பும்), வாந்தி, பேதி, நடை தள்ளாடும், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். இதை "ஆவியின் அசைவு" என்று யாராவது நினைத்துச் சுற்றி நின்று ஜெபித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனை வழக்கமாகக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுப்பது. நச்சு என்று சந்தேகம் வந்தால் அந்த 12 மணி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

பட்டினியால் வரும் தலைவலிக்கு இபுப்ரோபென், டைக்ளோபெனாக் போட்டாலும் லித்தியம் ஏறும். பாராசிட்டமால் போதும்.

மற்றவை சுருக்கமாக:

மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கும் லுராசிடோன் மாத்திரையைக் குறைந்தது 350 கலோரி சாப்பாட்டோடு போட வேண்டும், ஜிப்ராசிடோன் என்றால் 500. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. போட்டும் போடாத கணக்கு.

குளோசபின் (இதுவும் மனச்சிதைவு மருந்து) எடுப்பவர் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவில் திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் திடீரென்று விழும். 12.5 மில்லிகிராமிலிருந்து டாக்டர்தான் மறுபடி ஏற்றுவார். "மூணு நாள் மாத்திரை இல்லாம ஜெபிச்சுப் பார்ப்போம்" என்று நிறுத்திவிட்டு நாலாம் நாள் வீட்டிலேயே முழு அளவு கொடுப்பதுதான் நடக்கும் தப்பு.

குளோனாசிபம் மாதிரித் தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். அந்த வலிப்பைப் பார்த்துப் "பிசாசு கிழிச்சிட்டு வெளியே போகுது" என்று சொல்லிவிட்டால் கதை எங்கே போகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

விடுதலை_ஊழியம்

மருத்துவம் பேசுறவங்க பேசட்டும். ஆனா கர்த்தரே சொல்லியிருக்காரே, "இந்த ஜாதிப் பிசாசு" ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமே ஒழிய வேறெதனாலும் போகாதுன்னு. மத்தேயு 17:21. உபவாசமே வேண்டாம்னா இந்த வசனத்தை என்ன செய்வீங்க?

பழைய_சங்கீதக்காரர்

பிரதர், நல்ல வசனத்தைத்தான் எடுத்திருக்கீங்க. அதையே நிதானமா வாசிப்போம். அந்தப் பேச்சு யாரிடம்? தனியாக வந்து "எங்களால ஏன் முடியல" என்று கேட்ட சீஷர்களிடம். அந்த அதிகாரத்தில் இயேசு குணமாக்கிய பையனிடம் "நீ பட்டினி கிட" என்று அவர் சொல்லவில்லை. உபவாசம் ஜெபிப்பவருக்கு. நோயாளிக்கு அல்ல. உங்கள் குழு 21 நாளும் இருங்கள், தடையே இல்லை. அவர் பெயரைச் சொல்லி நீங்கள் பட்டினி கிடங்கள், அவர் சாப்பிடட்டும்.

இன்னொன்று. அந்தப் பையனை நம் பழைய மொழிபெயர்ப்பு "சந்திரரோகி" (வலிப்பு நோயாளி) என்கிறது. மத்தேயு 4:24-ல் பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாக வரிசை போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டும் பழக்கம் சுவிசேஷத்தில் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது.

மூப்பர் ஐயாவின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சாகக் கிடந்த ராஜா எசேக்கியாவிடம், உன் ஜெபத்தைக் கேட்டேன், 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகுதான் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா (ஏசாயா 38). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில். பவுலோடு கூடவே இருந்த லூக்கா "பிரியமான வைத்தியன்" (கொலோசெயர் 4:14). அடிக்கடி வரும் பலவீனத்துக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல். "இன்னும் விசுவாசி" என்று எழுதவில்லை.

என்னைக் கேட்டால் குறிப்பில் இந்த மூன்றுக்கு மேல் வசனம் போடாதீர்கள். வசன மழை பெய்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

விடுதலை_ஊழியம்

சரி, நோயாளி சாப்பிடட்டும், ஒத்துக்கிறேன். ஆனா மாத்திரையை விட்டு விடுதலை ஆன சாட்சிகள் எத்தனை இருக்கு. அதெல்லாம் பொய்யா?

வார்டு_சிஸ்டர்

பொய்னு சொல்லல பிரதர். சாட்சி சொல்ற தேதியைப் பாருங்க.

மாத்திரையை நிறுத்தின முதல் சில வாரம் ஆள் நல்லாவே தெரிவாங்க. பகல் தூக்கம் போகும், உடம்பு லேசாகும், முகத்துல களை வரும், ஏன்னா பக்க விளைவு போயிடுச்சு. நோய் திரும்ப வர வாரமாகும், சிலருக்கு மாசக்கணக்காகும். புளூபெனசின் மாதிரி நீண்டநாள் ஊசி போட்டவங்களுக்கு மருந்து உடம்புல மெதுவாத்தான் இறங்கும், அதனால இந்த இடைவெளி இன்னும் நீளம். சாட்சி சொல்றது இந்த இடைவெளியிலதான். அப்புறம் நோய் திரும்பும்போது "சாட்சி சொல்லிட்டோமே"ங்கிற வெட்கத்துல வீட்டுக்காரங்க மறைப்பாங்க, ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப ரொம்பத் தாமதமாகியிருக்கும். மைக்ல சொன்ன ஒரு வார்த்தை ரெண்டாவது தடவை வைத்தியத்துக்கு வரவிடாம தடுக்குது.

மூப்பர் ஐயா, மாத்திரையை நிறுத்தினதைப் பத்தி மேடையில சாட்சி கிடையாதுன்னு ஒரு வரி எழுதிடுங்க. "தூக்கம் வருது, வேலைக்குப் போறேன், திரும்பப் பாட முடியுது" இதெல்லாம் சாட்சிதான், தாராளமா சொல்லட்டும்.

அடுத்து முழு இரவு ஜெபம். இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனாலே எழுச்சி நிலை (அளவுக்கு மீறின உற்சாகம்) கிளம்பலாம். அதுல பாட்டு, கைதட்டு, ஸ்பீக்கர். இவங்களை 10 மணிக்கு வீட்டுக்கு அனுப்பிடுங்க. விலக்கி வைக்கிற மாதிரி இல்லாம, சாயங்காலம் 6 முதல் 7:30 வரைக்கும் ஒரு கூட்டம் வச்சு அதுக்கே "வெள்ளி ஜெபம்"னு பேர் வைங்க, வயசானவங்களும் சேருவாங்க, யாரு எதுக்கு வந்தாங்கன்னு தெரியாது.

எழுச்சி ஆரம்பிக்கிறதைச் சபையிலதான் முதல்ல பார்க்கலாம். மூணு நாலு மணி நேரம் தூங்கியும் களைப்பே இருக்காது. பேச்சு நிக்காது. சம்பளத்தையே காணிக்கையா போடுவாங்க. தினம் ஒரு தரிசனம். "என்னை ஊழியத்துக்கு அழைச்சிட்டார், வேலையை விட்டுட்டேன்"னு வருவாங்க. விசுவாசத்துல வளர்றாங்கன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?" பதில் நாலுக்குக் கீழே ரெண்டு மூணு நாளா இருந்தா அந்த வாரமே டாக்டர். அதிகக் காணிக்கை வந்தா தனியா எடுத்து வச்சு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு ரசீது போடுங்க. இதுல சபை ஏமாந்தா சபைக்குத்தான் கெட்ட பேர்.

குரல் கேக்குதுன்னு சொன்னா வாக்குவாதம் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். அந்தக் குரல் எதையாவது செய்யச் சொல்லுதான்னு மட்டும் கேளுங்க. தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்தச் சொல்லுதுன்னா தனியா விடக்கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

கருப்பு_அங்கி

சட்டப் பக்கம் கொஞ்சம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 95-ஆம் பிரிவு மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஜெப வீடு, ஆசிரமம் என்று பெயர் மாற்றினாலும் மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் (பிரிவு 65). நம் மாநிலத்துக்கு இது ஏட்டுச் சட்டமல்ல. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இடத்தின் தீவிபத்தில் 28 பேர் இறந்தது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால். எந்த மதத்தின் கூரை என்பது அங்கே விஷயமே இல்லை. வெளியூர் ஜெப வீட்டில் "விட்டுட்டு வாங்க" என்று யாராவது சொன்னால், பதிவுச் சான்று, வருகிற டாக்டர் யார், வீட்டார் கூடத் தங்கலாமா என்று மூன்றையும் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் உள்நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கியே ஆக வேண்டும் என்பது வெகுகாலப் பழக்கம். கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரியே அப்படித்தான் செய்கிறது என்றால் சபையார் கேட்பார்கள்.

நன்றாக இருக்கும் காலத்திலேயே முன்கூட்டிய உத்தரவு எழுதி வைக்கலாம் (பிரிவு 5): நோய் முற்றினால் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று. 14-ஆம் பிரிவில் பிரதிநிதி ஒருவரை நியமிக்கலாம். அண்ணனா, மனைவியா, போதகரா என்று அப்போது சண்டை வராது.

வாட்ஸப் ஜெப விண்ணப்பம் பற்றியும் எழுதுங்கள். "இன்னார் மகளுக்கு மனநோய், ஜெபியுங்கள்" என்று 180 பேர் குழுவில் போட்டால் மறுநாள் கல்யாணப் பேச்சு நிற்கும். "ஒரு சகோதரியின் நல்ல தூக்கத்துக்காக" போதும். யார் என்று கர்த்தருக்குத் தெரியும்.

ஒருமுறை_போதும்

ஒரு வகையை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். ஜெபிக்க உட்கார்ந்தாலே தூஷணமான வார்த்தை மனசில் வரும், "மன்னிக்கப்படாத பாவம் செய்துட்டேனோ" (மாற்கு 3:29) என்று ராத்திரி பகலாக உருளும். இது ஓசிடியின் (வேண்டாத எண்ணமும் அதற்கான பரிகாரச் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) ஒரு முகம். பாவ உணர்வு மாதிரியே இருக்கும். வித்தியாசம் எங்கே என்றால், பாவ உணர்வு அறிக்கையிட்டால் தணியும். இது அறிக்கையிட்ட பத்து நிமிஷத்தில் திரும்ப வரும். "அறிக்கை சரியா செஞ்சேனா?" என்று இன்னொரு சுற்று. மூன்றாம் ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர், ஒரே ஜெபத்தை வார்த்தை பிசகியது என்று 20 தடவை முதலிலிருந்து ஆரம்பிப்பவர், பாஸ்டருக்குத் தினம் பத்து போன் போடுபவர் எல்லாம் இதில் வரலாம்.

இங்கே நல்ல பாஸ்டர்தான் அறியாமல் கெடுக்கிறார். ஒவ்வொரு போனுக்கும் "இல்ல தம்பி, நீ அந்தப் பாவம் செய்யல" என்று ஆறுதல் சொல்கிறார். அந்த ஆறுதல் அரைமணி நேரம் நிற்கும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். சொறியச் சொறிய அரிப்பு கூடுவது மாதிரி.

செய்ய வேண்டியது: பதிலை ஒரு தடவை, தாளில், தேதி போட்டு எழுதிக் கையெழுத்துடன் கொடுங்கள். அடுத்த போனில் "அதுக்குப் பதில் உன் கையில இருக்கு. இப்ப அந்தச் சந்தேகத்தோடயே போய் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். கல்நெஞ்சம் மாதிரித் தெரியும், முதல் இரண்டு வாரம் போன் கூடும், பிறகு குறையும். ஜெபம் ஒரே தடவை. வார்த்தை தப்பினாலும் திரும்பச் சொல்லக் கூடாது. மன ஆலோசகர் தரும் பயிற்சியும் இதே திசைதான்: பயத்தைக் கிளப்பும் எண்ணத்தை வரவிட்டு, பரிகாரம் செய்யாமல் உட்கார்ந்திருப்பது. இதை ஆலோசகரும் பாஸ்டரும் பேசி ஒரே மாதிரி வைத்துக்கொண்டால்தான் வேலை செய்யும். மாத்திரையும் இதற்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம், 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரமே "பலனில்லை" என்று நிறுத்தவிடாதீர்கள்.

முத்துநகர்_மூப்பர்

நன்றி. இதுவே ஒரு பக்கம் தாண்டிவிட்டது. மூன்றாம் கேள்வியை யாரும் தொடவில்லையே? "ஜெபிச்சும் இருட்டா இருக்கு."

பழைய_சங்கீதக்காரர்

அந்த ஆளிடம் முதலில் சொல்ல வேண்டியது: இருட்டாக இருப்பது நோயின் அடையாளம், தேவன் விலகியதன் அடையாளம் அல்ல. மனச்சோர்வில் நாக்குக்குச் சாப்பாட்டு ருசி போகிற மாதிரி ஜெபத்தின் ருசியும் போகும்.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்து வையுங்கள். சூரைச்செடியின் கீழே எலியா "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தூதன் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடி தூங்கவிடுகிறான். மறுபடி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான். நம் ஜெபக்குழு அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுகிறது. சாப்பாட்டைக் கொண்டுபோவதில்லை.

வாசிக்கச் சங்கீதம் 13 கொடுங்கள். ஆறே வசனம், அதில் நாலு தடவை "எதுவரைக்கும்". மனம் ஒருநிலைப்படாதவருக்கு அதுவே அதிகம். ஒலி வேதாகமத்தில் கேட்கட்டும். துதிப் பாட்டு வேண்டாத நாளில் 88. அது ஒரு வரி வெளிச்சம்கூட இல்லாமல் முடிகிறது, கடைசியில் சிநேகிதனும் தோழனும் விலகிப்போகிறார்கள். ஆனால் முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. பதில் வராதபோதும் விலாசம் மாறவில்லை. என் கணக்கில் நம்பிக்கை என்பது அந்த முதல் வரி அளவுதான், அதற்குமேல் நோயாளியிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஜெபிக்கவே முடியாதவருக்கு மாற்கு 2. திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நாலு பேரின் கதை. இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை". கட்டிலில் கிடந்தவன் அங்கே வாயே திறக்கவில்லை.

வார்டு_சிஸ்டர்

ஐயா சொன்னதோட ஒண்ணு. சிலருக்கு மருந்தே உணர்ச்சியை மழுக்கும். "ஆராதனையில அழுகையே வரல, ஆவியானவர் போயிட்டார்"னு சொல்லி மாத்திரையை ரகசியமா நிறுத்துறவங்க உண்டு. அளவைக் குறைக்கவோ மருந்தை மாத்தவோ டாக்டரால முடியும், ஆனா அவரிடம் இதை யாரும் சொல்றதில்ல, ஆன்மீகப் பிரச்சனைன்னு நினைச்சுக்கிறாங்க. "மருந்து ஆரம்பிச்சதுல இருந்து அழுகையும் வரல சந்தோஷமும் வரல"னு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லச் சொல்லுங்க.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும். நல்லானபிறகும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரணும். நல்லாயிட்டேன்னு நிறுத்துறதுதான் திரும்ப வர முக்கியக் காரணம்.

"சாகணும்னு தோணுதா?"ன்னு நேராக் கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை விதைச்சிடுவோமோன்னு பயம் வேண்டாம், அப்படி ஆகாது. "தற்கொலை பாவம், நரகம்"னு அந்த நேரத்துல ஆரம்பிக்காதீங்க, வாயை மூடிக்குவாங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க. வீட்ல இருக்கிற மாத்திரை, பூச்சிமருந்து எல்லாத்தையும் வேற வீட்டுக்கு மாத்துங்க. மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் எண்ணி ஒருத்தர் கையில வைங்க. டெலிமானஸ் (அரசு மனநல உதவி எண்) 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அந்த நம்பரைக் குறிப்போட மேலே, பெரிய எழுத்துல.

மாத்திரைப்பெட்டி

குடிக்கு வைத்தியம் எடுப்பவர் ஒருவராவது இருப்பார். டைசல்ஃபிராம் எடுப்பவருக்குத் திருவிருந்து திராட்சரசம் ஒரு வாய்கூட வேண்டாம்: முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். கடைசி மாத்திரை போட்டு 14 நாள் வரை இந்த எச்சரிக்கை. புளிக்காத திராட்சைச் சாறு உள்ள கிண்ணம் எல்லாருக்குமே வைத்துவிட்டால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்.

விடுதலை_ஊழியம்

எங்க குழுவுக்கும் அந்தக் குறிப்பு வேணும் மூப்பரே. கை வைத்து ஜெபிக்கிறதைப் பத்தியும் ஒரு வரி போடுங்க.

வார்டு_சிஸ்டர்

போடலாம் பிரதர். கேட்டுட்டுக் கை வைங்க. ரெண்டு பேருக்கு மேல சூழ வேண்டாம், சத்தம் குறைவா, அஞ்சு நிமிஷம். தலையை அழுத்துறது, தள்ளுறது, அடிக்கிறது எதுவும் கூடாது. பயப்படுற மனசுக்கு எட்டுப் பேர் கூச்சலே தாக்குதல் மாதிரி இருக்கும்.

முத்துநகர்_மூப்பர்

வரைவு இதோ. தப்பிருந்தால் வெட்டுங்கள்.

"14416. மருந்து எடுப்பவர்கள் உபவாசம் இருக்க வேண்டாம். அவர்களுக்காக ஜெபக்குழு உபவாசம் இருக்கும். மாத்திரையை நிறுத்த யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. 21 நாளும் இரவு 7:30-க்கு சபைச் சமையலறையில் சாப்பாடு உண்டு, மருந்து எடுப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். வெள்ளி ஜெபம் மாலை 6 முதல் 7:30. சாப்பாடு: பழம், பால், அவல்."

மாத்திரைப்பெட்டி

"மருந்து எடுப்பவர்கள்" என்று போட்டால் வரிசையில் நிற்பவர் எல்லாரும் அடையாளம் ஆகிவிடுவார்கள். "வேண்டுகிறவர்கள்" என்று மாற்றுங்கள். பழமும் அவலும் போதாது ஐயா. உப்புப் போட்ட கஞ்சி, தொட்டுக்க துவையல், ஒரு முட்டை. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர்.

முத்துநகர்_மூப்பர்

மாற்றிவிட்டேன். கஞ்சிக்கு எட்டு வீட்டார் பேர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் பதின்மூன்று நாள் பாக்கி.

விடுதலை_ஊழியம்

வெள்ளிக்கிழமை மூணும் எங்க வீடு.